முட்டு ஓவர்சியரும் ஒன்பதாம் நம்பர் வீடும்

மட்டாஞ்சேரியில் முட்டு ஓவர்சியரின் வலது தோள் படாத சுவர் ஒன்றுகூடக் கிடையாது. பேச்சுக்காகச் சொல்லவில்லை. கிடங்குச் சுவர், பள்ளிக்கூடச் சுவர், சினிமாக் கொட்டகைச் சுவர், போலீஸ் ஸ்டேஷன் மதில் என்று எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. ராஜா காலத்து அரண்மனைச் சுவரைக்கூட, காவல்காரன் பீடி பற்றவைக்கத் திரும்பிய நேரம் பார்த்து ஒரு முட்டு முட்டிவிட்டு, "பரவால்லவே, நிக்கும்" என்று சர்டிபிகேட் கொடுத்தார். நூற்றுக்கணக்கான வருஷமாக யாரிடமும் நற்சான்று வாங்காமலே நின்றுகொண்டிருந்த சுவர் அது. நான் பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. நாகர்கோவில் பக்கத்துக்காரர். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகத்துக்காகக் கொச்சிக்கு வந்தவர், உத்தியோகம் முடிந்த பிறகும் ஊர் திரும்பவில்லை. குடும்பம் நாகர்கோவிலில் இருப்பதாகச் சொல்வார். அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவர் வந்து நாங்கள் பார்த்ததில்லை.

ஒல்லியான உடம்பு. முழங்காலுக்குக் கீழே தொங்கும் காக்கி டவுசர், வெள்ளைச் சட்டை. சட்டையின் வலது தோளில் மட்டும் எந்நேரமும் சுண்ணாம்போ செம்மண்ணோ அப்பியிருக்கும். எங்கள் தெருவுக்குத் துணி வெளுக்கும் வேலுச்சாமி அண்ணன் புலம்பித் தள்ளுவார். "மத்தவங்களுக்குக் காலர்ல அழுக்கு. இந்தச் சாருக்குத் தோளுல அழுக்கு. அதைக் கல்லுல அடிச்சு அடிச்சு எந்தோளு போச்சு!"

முட்டுவதற்கென்று அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் மூக்குக்கண்ணாடியையும் குடையையும் பக்கத்தில் நிற்கிற ஆளிடம் நீட்டி, "பிடியும்வே" என்பார். இடது கையை இடுப்பில் ஊன்றி இரண்டடி பின்னால் போவார். வலது தோளை இறக்கிக்கொண்டு வந்து 'தொம்' என்று ஒரு மோது. பிறகு காதைச் சுவரில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்பார். கடைசியில் தீர்ப்பு. "நிக்கும்", அல்லது "நிக்காது". நடுவில் இன்னொன்று கிடையாது.

அந்தத் தீர்ப்பை நம்பலாமா என்றால், நம்பக் கூடாது. அவர் 'நிக்காது' என்று கைகழுவிய சுவர்களில் பாதிக்கு மேல் இன்றைக்கும் கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்கின்றன. 'நிக்கும்' என்று அவர் தட்டிக்கொடுத்த ஒரு கக்கூஸ் சுவர் அடுத்த வாரமே படுத்தது. நல்லவேளை, உள்ளே ஆளில்லை.

நான் அப்போது பஜார் ரோட்டில் ஒரு சுக்கு, மிளகுக் கிடங்கில் எழுத்து வேலை பார்த்தேன். எழுபதுகளின் பாதி. சாயங்காலம் கையை வீசிக்கொண்டு தெருவுக்கு வருகிற ஒரே ஆள் நான் என்பதால், கண்ணாடியும் குடையும் பிடிக்கிற உத்தியோகம் எனக்கு வந்து சேர்ந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"சார், ரசமட்டம் இருக்கு, தூக்குக்குண்டு இருக்கு. அப்புறம் எதுக்குத் தோளை வருத்திக்கிறீங்க?"

"இடவப்பாதி மழையில காத்து வருகே, அது கையில ரசமட்டம் வச்சிக்கிட்டா வருகு? முட்டிக்கிட்டுல்லாவே வருகு! அது முட்டுகதுக்கு முந்தி நான் முட்டிப் பாக்கேன்."

இடவப்பாதி என்பது இங்கே ஜூன் மாதம் தொடங்கும் பெருமழைக்குப் பெயர். அதைத் தன்னோடு சொத்துத் தகராறு உள்ள பங்காளி மாதிரிதான் அவர் பேசுவார்.

காதர் இக்காவின் சாயாக்கடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். புதிதாகப் பலகை அடித்துப் பிஸ்கட் பாட்டில்களை வரிசையாக வைத்திருந்தார் இக்கா. முட்டு ஓவர்சியர் உள்ளே நுழைந்தார், கண்ணாடியை என்னிடம் நீட்டினார், நான் 'சார் வேண்டாம்' என்பதற்குள் 'தொம்'. சுவர் நின்றது. பாட்டில்கள் நிற்கவில்லை. இக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். "பொன்னு சாரே, இனி உள்ளே வரேண்டா. சாயா ஞான் ரோட்டிலே கொண்டுவந்து தராம்!" அன்றிலிருந்து அவருக்குத் தெருவில் நின்றபடிதான் சாயா. அவரும் அதைப் பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டு குடித்தார்.

இன்னொரு கூத்து என் சொந்தக் கதை. பள்ளுருத்தியில் எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, பெரியவராக ஒருவர் வேண்டுமே என்று அவரை அழைத்துப் போனது என் புத்தி. பெண் காப்பித் தட்டோடு வந்து நிற்கிறாள். இவர் எழுந்து பின்சுவரை ஒரு முட்டு முட்டிவிட்டு, சபையைப் பார்த்துச் சொன்னார்: "பொண்ணு நல்ல பொண்ணு. சுவரு நிக்காது." என் வருங்கால மாமனார் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் அந்தச் சுவரை அவர் இடித்துக் கட்டினார். கடைசிவரை முட்டு ஓவர்சியரின் பேரைச் சொன்னாலே எழுந்து போய்விடுவார்.

இத்தனை முட்டியவர் ஒரே ஒரு சுவரை மட்டும் முட்டியதில்லை. கயிற்றுக் கடைக்கு மேலே மாடியில் அவர் குடியிருந்த அறையின் சுவர். அது தெருப்பக்கம் உப்பிக்கொண்டு, கீழே நடக்கிறவர்களை எட்டிப் பார்க்கிற மாதிரி நிற்கும். ஒருநாள் சாயாக்கடை வாசலில் எல்லோரும் இருக்கும்போது, "உங்க சுவரை மட்டும் ஏன் சார் முட்டறதில்லை?" என்று கேட்டேன்.

"முட்டினா விழுந்துரும்வே," என்றார் அமைதியாக. "பெறகு நான் எங்க கெடக்க?"

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார் என்றுதான் நினைவு.

இதுவரைக்கும் சிரித்தாயிற்று. இனி அந்தச் சந்துக்கு வந்துதான் ஆக வேண்டும்.

பஜார் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் ஒரு பழைய கிடங்கு. அதன் பின்சுவரில் சாய்த்து வரிசையாகத் தகரமும் ஓலையும் வேய்ந்த குடிசைகள். எல்லாம் தமிழ்க் குடும்பங்கள். கைவண்டி இழுப்பவர்கள், மூட்டை தூக்குபவர்கள், நகரசபையில் தெருப் பெருக்குபவர்கள். மூன்று பக்கம்தான் அவர்கள் கட்டியது, நாலாவது பக்கம் கிடங்குச் சுவர். கன்னியம்மாள் அங்கேதான் இருந்தாள். நகரசபை வேலை. எங்கள் தெருவை விடிவதற்குள் பெருக்கிவிட்டுப் போகிறவள். புருஷன் மாடசாமி கைவண்டிக்காரர். மகள் செல்வியை வைப்பின் தீவில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

முட்டு ஓவர்சியர் அந்தக் கிடங்குச் சுவரையும் முட்டி, 'நிக்காது' என்று சொல்லியிருந்தார். மாடசாமி சிரித்துக்கொண்டே பதில் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "சாரே, நீங்க நிக்காதுன்னு சொன்ன சுவரெல்லாம் நின்னுக்கிட்டுத்தான இருக்கு? இதும் நிக்கும். நின்னுதான் ஆவணும். இதை விட்டா நாங்க எங்க போவோம்?"  

அந்த வருஷத்து இடவப்பாதியில், ஒரு விடியற்காலை, ஒரு வாரம் நனைந்த அந்தச் சுவர் குடிசைகளின் மேல் விழுந்தது. கன்னியம்மாள் துடைப்பத்தோடு தெருவில் இருந்தாள். மாடசாமி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவரையும் சேர்த்துப் பலர் போய்விட்டார்கள். அன்று முழுக்க மழையில் இடிந்த சுவரின் வெட்டுக்கல்லைப் புரட்டிய கூட்டத்தில் முட்டு ஓவர்சியரும் இருந்தார். 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவர் வாயிலிருந்து வந்துவிடுமோ என்று நான் பயந்துகொண்டே நின்றேன். அவர் சொல்லவில்லை. என்றைக்கும் சொன்னதில்லை.

ஊர் கூடியது. கோயில்காரர்கள், பள்ளிவாசல்காரர்கள், பாதிரியார், வியாபாரிகள் எல்லோரும் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டார்கள். என் முதலாளி தலைவர், அதனால் எழுத்து வேலைக்கு நான். தோப்பும்படிக்கு அப்பால் ஒருவர் சேற்று நிலம் கொடுத்தார். அதில் மிஞ்சிய குடும்பங்களுக்குப் பன்னிரண்டு சின்ன வீடுகள் என்று முடிவாயிற்று. யாரும் கூப்பிடாமலே கூட்டத்துக்கு வந்த முட்டு ஓவர்சியர், முதலில் கூட்டம் நடந்த ஹாலின் சுவரை முட்டிவிட்டு, பிறகு பேச ஆரம்பித்தார்.

"சேத்துல தென்னந்தடி அடிச்சு அஸ்திவாரம் போடணும். காயல் வெள்ளம் ஏறாத ஒசரத்துக்குத் தரை. சுவரைச் சுத்திக் கான்கிரீட்டுல ஒரு பெல்ட்டு. கூரை மரத்தை அந்தப் பெல்ட்டுல போல்ட்டு போட்டு முறுக்கணும். காத்து வந்து கூரையைத் தூக்கினா, வீட்டோட சேத்துத் தூக்கட்டும் பாப்போம்!"

"இதுக்கெல்லாம் கமிட்டியிலே காசு எவிடே ஓவர்சியரே?" என்றார் ஒருவர்.

"நான் கொண்டாறேன்."

கொண்டுவரவும் செய்தார், என்னைக் கூட்டிக்கொண்டு கடை கடையாகப் போய். முறை ரொம்பச் சுலபம். கடைக்குள் நுழைந்ததும் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டுவார். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து ஓடி வருவார். "வேண்டா சாரே, வேண்டா! எத்தனை சாக்கு சிமெண்டு வேணும்?" தர்மம் செய்த புண்ணியவான்களும் இருந்தார்கள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் சுவரைக் காப்பாற்றிக்கொள்ளக் கொடுத்தவர்கள்தான் அதிகம். கம்பி வந்தது, போல்ட் வந்தது, கப்பலில் நனைந்து விலை போகாத மரம் வந்தது.

வீடு எழும்பி வரும் வரைக்கும் குடும்பங்கள் அந்த நிலத்தின் ஓரத்திலேயே தார்ப்பாய் கட்டி இருந்தார்கள். வெயில் காலம் எப்படியோ போயிற்று. அடுத்த மழைக்கு முன்னால் உள்ளே போய்விட வேண்டும், அதுதான் எல்லோர் கண்ணிலும். கன்னியம்மாளுக்கு அவசரம் இன்னும் அதிகம். செல்வி தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். தாய் வீடு என்று தார்ப்பாயைத்தான் சொல்ல வேண்டும். ஒன்பதாம் நம்பர் வீடு அவர்களுக்கு என்று சீட்டு விழுந்திருந்தது. வேலை முடிந்து வந்ததும் அவள் ஒன்பதாம் நம்பர் வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் தார்ப்பாய்க்குள் போவாள். "தம்பி, அடுப்பு இந்த மூலையில. தொட்டில் அந்த உத்தரத்துல" என்று எனக்குக் காட்டுவாள்.

மே மாதக் கடைசியில் திறப்பு விழா. திருவனந்தபுரத்திலிருந்து பெரிய மனிதர் ஒருவர் வருவதாக ஏற்பாடு. பந்தல் போட்டாயிற்று, கல்வெட்டு பதித்தாயிற்று. முதல் நாள் சாயங்காலம் முட்டு ஓவர்சியர் அறிவித்தார்: "பன்னிரண்டையும் முட்டாம ஒரு சாவி வெளிய போவாது."

அது ஒரு ஊர்வலம் மாதிரிதான் இருந்தது. முன்னால் அவர், பக்கத்தில் கண்ணாடியும் குடையுமாக நான், பின்னால் பெண்களும் பிள்ளைகளும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு 'தொம்', ஒரு 'நிக்கும்', உடனே பிள்ளைகளின் கூச்சல். அந்த வீட்டுக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எட்டு வீடு இப்படிப் போயிற்று. ஒன்பதாம் நம்பரில் முட்டினார், காதை வைத்தார். மறுபடி முட்டினார்.

கான்ட்ராக்டர் பதறிக்கொண்டு வந்தார். "சாரே, அது பச்சைச் சுவராக்கும்! கடைசியா கெட்டியது. காயட்டே!"

"மழை காயுறவரைக்கும் காத்திருக்குமாவே?"

கன்னியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "சாரே, மதி சாரே, போதும். ரெண்டு தடவை முட்டியாச்சு. நின்னுருச்சுல்ல? விட்டுருங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு வழக்கமான இரண்டடி இல்லை, நாலைந்து அடி பின்னால் போனார். மூன்றாவது மோதலில் பக்கச்சுவர் பெல்ட்டுக்குக் கீழே பிளந்து, பாயைச் சுருட்டிப் போட்ட மாதிரி வெளிப்பக்கம் சாய்ந்தது. அவரும் அதோடு போய் விழுந்தார். தோள்பட்டை இறங்கிவிட்டது. ஒருவரும் போய்த் தூக்கவில்லை. நான்தான் கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

காயல் மணலைக் கழுவாமல் போட்டதால் உப்பு அரித்தது என்றார் அவர். ஈரம் காயாத சுவரை மூன்று தடவை மோதினால் எவன் கட்டிய சுவரும் விழும் என்றார் கான்ட்ராக்டர். கோபித்துக்கொண்டு ஆட்களோடு கிளம்பியும் போய்விட்டார். விழா நின்றது. மற்ற சுவர்களையும் பார்க்காமல் ஒருவரையும் குடியேற்ற மாட்டோம் என்று கமிட்டி பயந்தது. யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மிச்சம் மூன்றையும் பிறகு முட்டிப் பார்த்தார்கள், அசையவில்லை. விழுந்தது ஒன்பது ஒன்றுதான்.

மழை அந்த வருஷம் நாள் தவறாமல் வந்தது. காயல் ஏறி, தார்ப்பாய்க்குள் கணுக்கால் தண்ணீர். செல்விக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம் என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். அனுப்பியது அந்தத் தண்ணீருக்கு. என் வீட்டில் வந்து இருக்கும்படி என் மனைவி கேட்டாள், இக்காவும் கேட்டார். இன்றைக்குச் சாவி, நாளைக்குச் சாவி என்ற நம்பிக்கையில் கன்னியம்மாள் இடத்தை விட்டு நகரவில்லை. விட்டால் வீடு கை நழுவிவிடும் என்று அவளுக்குப் பயம். குழந்தைக்குச் சளி கட்டியது. பெயர் வைப்பதற்கு முன்னால் இறந்துபோயிற்று.

புதைத்துவிட்டு வந்த அன்று கன்னியம்மாள் நேராகச் சாயாக்கடைக்கு வந்தாள். தோளில் கட்டோடு அவர் தெருவில் நின்று சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"சாரே," என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. "நீங்க முட்டலைன்னா அந்தச் சுவரு நின்னிருக்குமா நிக்காதா, எனக்குத் தெரியாது. எம் பேத்தி வெள்ளத்துல கெடந்து செத்தா. அது தெரியும்."

அவர் டம்ளரை இக்காவிடம் கொடுத்துவிட்டு நடந்து போனார்.

அதற்குப் பிறகு அவர் முட்டுவதை விட்டுவிட்டார். எனக்கு அது ஒரு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. சாயங்காலம் கை வெறுமையாக இருந்தது. சட்டையின் வலது தோள் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து வேலுச்சாமி அண்ணனே, "சாருக்கு ஒடம்புக்கு ஏதும் முடியலையா தம்பி?" என்று விசாரித்தார். காதர் இக்கா ஒருநாள் தெருவுக்கு இறங்கி வந்து அவர் கையைப் பிடித்தார். "சாரே, உள்ளே வரூ. ஒன்னு முட்டு. பாட்டிலொக்கெ ஞான் மாற்றி வச்சிட்டுண்டு." அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த மழையிலேயே ஒன்பதாம் நம்பரைத் திரும்பக் கட்டினார்கள். கட்டினார்கள் என்ன, அவர்தான் நின்று கட்டினார். ஆற்று மணல் கொண்டுவரச் செய்து, தன் கையால் கழுவி, வெட்டுக்கல்லை இடது தோளில் தூக்கி வைத்து. நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கல் எடுத்துக் கொடுத்தேன். வேலை நேரம் முழுக்க அவர் என்னிடம் பேசியது 'கல்லு', 'சாந்து' என்ற இரண்டு வார்த்தைகள்தான். ஆட்கள் கூரையை முறுக்கிவிட்டுப் போன பிறகும் ஒவ்வொரு போல்ட்டாகத் தானே ஏறி முறுக்கிப் பார்த்தார்.

பால் காய்ச்சும் நாள் வந்தது. பந்தலும் இல்லை, பெரிய மனிதரும் இல்லை. பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் ஒன்பதின் முன்னால் நின்றார்கள். முட்டு ஓவர்சியர் வேலிக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரும்படி யாரும் கூப்பிடவில்லை. அவரும் வருகிற மாதிரி இல்லை.

கன்னியம்மாள் பால் சட்டியை என்னிடம் நீட்டினாள். "பிடிங்க தம்பி." முந்தானையை இடுப்பில் செருகினாள். இரண்டடி பின்னால் போய், தோளை இறக்கி, சுவரில் மோதினாள். சுவர் நின்றது. மறுபடி மோதினாள். மறுபடியும். எத்தனை தடவை என்று தெரியாது. அவள் அழுதுகொண்டே மோதினாள், சுவர் நின்றது. செல்வி அவளைப் பிடித்து நிறுத்த வருகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவளும் தோளை இறக்கினாள். வேலிக்கு வெளியே அவர் குடையை மடக்கிவிட்டு மழையில் நனைந்துகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அந்தக் காலனியில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. எந்த வீட்டில் பால் காய்ச்சினாலும், அடுப்பில் சட்டி ஏறுவதற்கு முன்னால் அந்த வீட்டுப் பெண்கள் சுவரை ஒரு முட்டு முட்ட வேண்டும். வைட்டிலாப் பக்கம் வேலை கிடைத்துப் போன பிள்ளைகள் அங்கேயும் இதைச் செய்து, வீட்டுச் சொந்தக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்களாம்.

கன்னியம்மாள் மட்டும் அவரோடு பேசவில்லை. வருஷக்கணக்காகப் பேசவில்லை. மழைக்கு முன்னால் போல்ட் முறுக்க அவர் காலனிக்குப் போவார். ஒன்பதாம் நம்பரின் கதவு மட்டும் அன்றைக்குச் சாத்தியிருக்கும். அவர் வெளியிலிருந்தே ஏணி வைத்து முறுக்கிவிட்டு இறங்குவார்.

எண்பதுகளில் ஒரு இடவப்பாதி. காற்று வந்த வேகத்தில் பஜார் ரோட்டில் தகரங்கள் காகிதம் மாதிரி பறந்தன. தென்னைகள் முறிந்து விழுந்தன. காலனியில் ஓடு கொஞ்சம் போயிற்றே தவிர, கூரையும் சுவரும் அப்படியே இருக்கின்றன என்று செய்தி வந்தது. அதைச் சொல்லத்தான் கயிற்றுக் கடை மாடிக்கு ஓடினேன். முட்டு ஓவர்சியருக்கு அப்போது ரொம்ப வயதாகியிருந்தது. இருமிக்கொண்டு கட்டிலில் இருந்தார். அந்த உப்பிய சுவர் காற்றுக்கு முனகிக்கொண்டிருந்தது. இறங்கி வந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"எனக்கு ஒண்ணும் ஆவாதுவே. இது நிக்கும்."

முட்டாமல் அவர் ஒரு சுவருக்கு 'நிக்கும்' சொன்னதை அன்றுதான் கேட்டேன்.

படியில் காலடிச் சத்தம். கன்னியம்மாள், அவள் மருமகன், காலனி ஆட்கள் சிலர். எல்லோரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். அவள் சுவரைப் பார்த்தாள், பிறகு அவரை.

"நிக்குமா சாரே? முட்டிப் பாத்தீங்களா?"

"நிக்கும்," என்றார் அவர் இருமலுக்கு நடுவில்.

"முட்டாம எப்படிச் சொல்றீங்க?" குடையை என்னிடம் நீட்டினாள். "பிடிங்க தம்பி. மாப்ளே, கீழ ஆளு இல்லியே? கடைக்காரரையும் வெளிய போகச் சொல்லுங்க."

"ஆளில்ல அத்தே!" என்று மருமகன் ஜன்னலிலிருந்து கத்தினான்.

"கன்னியம்மா, வேண்டாம்," என்றார் அவர். அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் அவரிடம் சொன்ன அதே வார்த்தை. அவள் இரண்டடி பின்னால் போனாள். ஒரே முட்டு. உப்பியிருந்த பாகம் மொத்தமும் தெருவில் போய் விழுந்தது. மழை நேராகக் கட்டில்மேல் அடித்தது. கயிற்றுக் கடைக்காரர் தெருவில் நின்று எங்கள் ஏழு தலைமுறையையும் மலையாளத்தில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"நிக்காது," என்றாள் கன்னியம்மாள். "இனி எங்க கெடப்பீங்க? வாங்க, நம்ம வீட்டுக்குப் போவோம்."

அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் அவருடைய கண்ணாடியும் இரண்டு குடையுமாகப் பின்னால் போனேன். வழியில் கன்னியம்மாளிடம் கேட்டேன். "இத்தனை வருஷமாப் பேசலையே அக்கா?"

"இப்பவும் ஒண்ணும் மறக்கலை தம்பி. ஆனா என் கண்ணு முன்னால இன்னொரு ஆளு சுவத்துக்கடியில போகக் கூடாது. அம்புட்டுத்தான்."

ஒன்பதாம் நம்பர் வீட்டில் செல்வியின் பிள்ளைகள் இரண்டு பேர், பின்னால் பிறந்தவர்கள், பாய் விரித்துக் கொடுத்தார்கள். வெளியே காற்று சுவரை மோதிக்கொண்டிருந்தது. பாயில் உட்காரவைத்ததும் முட்டு ஓவர்சியரின் வலது தோள் தானாக இறங்கியது. கண்ணாடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார்.  அந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

கன்னியம்மாள் சாயா டம்ளரை அவர் முன்னால் வைத்தாள்.

"அதையெல்லாம் நான் முட்டியாச்சு சாரே. நீங்க சாஞ்சு உக்காருங்க."

 அவர் மெதுவாக, பயந்து பயந்து, முதுகையும் அந்தத் தோளையும் தான் கட்டிய சுவரில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார். ஒரு சுவரில் அவர் சும்மா சாய்ந்திருந்ததை நான் பார்த்தது அன்றுதான்.